எங்க வெளிக்கிட்டனி?

ஒரு ஏரியில ஒரு ஓட்டை. கிர்ர்... கிர்ர்... எண்டு அந்த ஓட்டையைத் துளைச்சுக்கொண்டு நிண்டார் செபமாலை. ஏரி முழுக்க ஐஸ், குஞ்சு. மார்கழி பிறந்து பத்து நாள்தான், அரைச் சாண் தடிப்புக்குக் கட்டியிருந்தது. கடல் மாதிரி ஏரி, மற்றக் கரை தெரியாது. ஆனா உப்பில்லை, அள்ளிக் குடிக்கலாம். மாமிக்கு ம் சொல்லு.

"ம்."

குருநகர்க் கடலில இருபத்திரண்டு வருசம் வலை இழுத்த மனுசன் அவர். அங்க மீனுக்கு மேல ஐஸ் போடுறது. கனடாவில ஐஸுக்குக் கீழ மீன். தலைகீழ் ஊர் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்டைக்கு வெள்ளிக்கிழமை, சிரிக்கேல்லை. ஏனெண்டா அவற்றை மனுசி திரேசம்மா பெட்டி கட்டிட்டா. கனடாவுக்கு வந்த நாலு மாசமாக் கடையில விறைச்ச மீனைத் திண்டு நாக்குச் செத்துப்போச்சாம், ஊருக்குப் போறாவாம். இவர் கெஞ்சிப் பாத்தார். அப்ப அவ சொன்னா: "துடிக்கிற மீன் ஒண்டைக் கண்ணால கண்டா நிக்கிறன். ஞாயிறு வரைக்கும்தான் பாப்பன்."

ஆனா அண்டைக்குக் காலமை, வீட்டால இறங்கேக்கையே பக்கத்து வீட்டு மாஸ்டர், எங்க வெளிக்கிட்டியள் எண்டு கேட்டிட்டார். கடலுக்குப் போற ஆளிட்டை அப்பிடிக் கேக்கக் கூடாது, குஞ்சு. கேட்டா மீன் படாது. திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும். செபமாலையும் திரும்பி வந்து குடிச்சிட்டுத்தான் போனார். அப்பிடியும் பின்னேரம் வரைக்கும் ஒண்டும் கொத்தேல்லை.

அப்ப சனிக்கிழமை என்ன செய்தார் தெரியுமோ? பின்கதவால, பூனை மாதிரி, சத்தமில்லாமல் இறங்கினார். ஒருத்தரும் காணேல்லை. ஏரிக்கரையில லைசென்ஸ் பாக்கிற வெள்ளைக்காரன் நிண்டான். அவன் சிரிச்சுக்கொண்டு, எங்க போறாய் எண்டு இங்கிலீசில கேட்டான். இவர் யோசிச்சார். தமிழில கேட்டாத்தானே பலிக்கும்? போய் இருந்தார். டொம்ம்ம்... எண்டு ஐஸ் உறுமிச்சுது. தூண்டில் அசையேல்லை. இங்கிலீசும் பலிச்சிட்டுது.

நித்திரையோ?

"இல்லை... ம்."

ஞாயிற்றுக்கிழமை விடியக் கதவைத் திறந்தா, வாசலில திரேசம்மா. அவற்றை பழைய கோட்டு, பெரிய சப்பாத்து, கையில வாளி. ஊரில அவ வள்ளத்தில ஏறினதே இல்லை. பொம்பிளையளை ஏத்தமாட்டினம். மீன் அள்ளுற கடகத்தோட கரையில நிண்டு, தூரத்தில மினுங்கிற விளக்கில எது தன்ரை ஆளின்ரை எண்டு தேடிக்கொண்டிருப்பா. ஈர மணலும் பாசியும் மணக்கும். வள்ளம் கிட்ட வரவரக் குரல் கேக்கும், பிறகு ஆள் தெரியும். எங்க போறியள் எண்டு இருபத்திரண்டு வருசத்தில ஒருக்காலும் அவ கேட்டதில்லை.

அப்பிடிப்பட்டவவைப் பாத்து இவர் வாய் தவறிக் கேட்டிட்டார்: "நீ எங்க வெளிக்கிட்டனி?"

கேட்டிட்டு வாயைப் பொத்தினார். போச்சு. கடைசி நாளும் போச்சு. வா, உள்ள போய்த் தண்ணி குடிப்பம் எண்டார்.

அவ அசையேல்லை. "மீன் பிடிக்க," எண்டா.

அந்தக் கேள்விக்கு அதுக்கு முதல் ஒருத்தரும் மறுமொழி சொன்னதில்லை, குஞ்சு. ஊரில எல்லாரும் திரும்பித்தான் வந்தவை.

ரெண்டு பேரும் நடந்தினம். சறக், சறக், சறக். நடு ஏரியில டொம்ம்ம் எண்டுது ஐஸ். அவ அப்பிடியே நிண்டு, வள்ளம் ஆடுதோ எண்டு கேட்டா. வள்ளமில்லையடி, நடக்கிற இடம்தான் எண்டார் இவர்.

"நடக்கிற இடமெண்டா, பிறகேன் ரெண்டு நாளும் என்னை வீட்டில விட்டிட்டு வந்தனியள்?"

அவர் ஓட்டையைத் துளைச்சு, வாளியைக் கவிட்டு அவவை இருத்தி, தூண்டிலைக் கையில குடுத்தார்.

கனநேரம். மூக்கு விறைச்சுப்போச்சு. அப்ப நூல் ஒருக்கா விண் எண்டுது. அவ இழுத்தா, இழுத்தா... சளக். உள்ளங்கையளவு மீன், மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. ஐஸில விழுந்து பட், பட், பட் எண்டு துடிச்சுது. அது அடங்கும் வரைக்கும் அவ கண்ணெடுக்கேல்லை.

"கண்டிட்டாய்தானே," எண்டார் செபமாலை. "நிப்பியோ?"

"சத்தம் போடாதையுங்கோ. மீன் ஓடிடும்."

அதுக்குள்ள ஓட்டையில கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டத் தொடங்கிட்டுது. அவ கையுறையைக் கழட்டி, ஒரு விரலால அதைத் தட்டி உடைச்சு, தூண்டிலைத் திரும்ப இறக்கினா.

கதை கரைக்கு வந்திட்டுது. கண்ணை மூடு, குஞ்சு.