சின்ன வைத்தியர் வந்திருக்கார்

கீழக்குறிச்சி ஜமீனில் ஏரிக்கரைக்கு மண் சுமந்து பிழைத்தவள் சடச்சி. அவள் மகள் தங்கக்கனிக்கு வைத்தியம் கற்க ஆசை. அரண்மனை வைத்தியரும் சொல்லித்தரத் தயார்தான். ஆனால் படிப்பு ஆறு வருஷம். மகளும் மண் சுமந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அதனால் மகள் படித்து முடிக்கும்வரை அரிசி தரும்படி ஜமீன்தாரிடம் போய்க் கேட்டாள் சடச்சி.

ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரித்தார். "கூலிக்காரி மகளுக்குக் கூலிதான். வைத்தியமெல்லாம் ரத்தத்துல வரணும். இல்லேன்னு என் வாயாலேயே சொல்ல வை, அரிசி தர்றேன்!"

சடச்சி கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

மறுவாரம் ஜமீன்தாருக்குக் கடைவாய்ப்பல் வலி கண்டு கன்னம் வீங்கிவிட்டது. வைத்தியரோ வெளியூரில். "யாரையாவது கூட்டிட்டு வாங்கடா!" என்று அவர் அலற, சடச்சி வந்து நின்றாள். அவள் இடுப்பில் வைத்தியரின் மூன்று வயது மகன். அவன் கையில் பல் பிடுங்கும் குறடு.

"வாயைத் திறங்க சாமி. சின்ன வைத்தியர் வந்திருக்கார்."

குழந்தை குறடும் கையுமாய் ஆசையோடு எட்டியது. ஜமீன்தார் கட்டிலின் மறுகோடிக்குத் தாவினார்.

"பைத்தியக்காரி! இவனுக்கு என்னடி தெரியும்? வைத்தியம் என்ன ரத்தத்துலயா வரும்? படிச்சாத்தானே வரும்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அதைத்தான் சாமி என் மகளும் கேக்கா," என்றாள் சடச்சி.

அன்று மாலையே முதல் மூட்டை அரிசி அவள் வாசலில் இறங்கியது. ஊர் திரும்பிய வைத்தியர், தங்கக்கனியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஜமீன்தார் வாயிலேயே முதல் பாடத்தைத் தொடங்கினார்.