நிலைப்படியில் கழற்றி வைத்த கட்டு

கை கோணலாகக் கூடிவிட்டது.

வைத்தியர் மேல் தப்பில்லை. அவர் சரியாகத்தான் கட்டினார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அருவிக்குப் போகிறவர்கள், அருவியிலிருந்து திரும்புகிறவர்கள், போக இடமே இல்லாதவர்கள், யார் வந்தாலும் மதியம் சோறு உண்டு. அதை ஆக்குகிறவர் அம்பலவாணர். மடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சாமிக்கும்தான். சாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் விடிந்ததும் அண்ணாச்சி சாமி காலில் விழுவார். கை நீட்டித் திருநீறு வாங்குவார். அதற்குப் பிறகுதான் அடுப்பு பற்றும்.

ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது தரை வழுக்கிவிட்டது. வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

"சோறு சிந்தலியே?" என்றுதான் முதலில் கேட்டார்.

எலும்பு வைத்தியர் ஞானமுத்து வந்தார். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்தார். துணியில் தடவிச் சுற்றினார். மூங்கில் தப்பை வைத்து இறுக்கினார்.

"நானா வந்து அவிழ்க்கிற வரைக்கும் இது இப்படியே இருக்கணும். கரண்டியைத் தொடப்படாது."

"அமாவாசை வருதே வைத்தியரே. கூட்டம் வரும்."

"வரட்டும். எலும்புக்கு அமாவாசை தெரியுமா?"

வைத்தியர் போனார். அண்ணாச்சி திண்டாடிப் போனார். கட்டில் முட்டை இருக்கிறது. அந்த மடைப்பள்ளி நிலைப்படியை முட்டை தாண்டக் கூடாது. மடம் ஏற்பட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

மாசிலாமணி அங்கே நின்றார். காய் வெட்டுகிறவர், தண்ணீர் சுமக்கிறவர். நாற்பது தாண்டியவர். கல்யாணம், வீடு என்று எதுவும் இல்லை. அண்ணாச்சி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வே' என்பார். கோபம் வந்தால் 'காய்வெட்டி' என்பார்.

"நான் கிண்டுதேன் அண்ணாச்சி. நீங்க வெளியே உக்காந்து சொல்லுங்க."

"உம்ம கையால சாப்பிட்டா மடம் ஒரே நாள்ல காலியாயிரும்வே."

"காலியானா உங்களுக்கும் ஓய்வுதானே."

"போரும். போய்க் கத்திரிக்காயைப் பாரும்."

அதோடு பேச்சு முடிந்தது.

கட்டு காய்ந்து ஓடு போல ஆகிவிட்டது. அண்ணாச்சி அதை அரிவாள்மணையில் நீளவாக்கில் கீறினார். விரித்தால் கழன்று வந்தது. மூடினால் பொருந்தியது. போதும். விடியற்காலை மடைப்பள்ளி நிலைப்படியில் அதைக் கழற்றி வைப்பார். குளிப்பார். உள்ளே போவார். அண்டாவைத் தூக்குவார், பருப்பைக் கடைவார், சோற்றை வாருவார். பாத்திரம் கழுவி முடிந்ததும் வெளியே வந்து மறுபடி மாட்டிக்கொள்வார். செருப்பு கழற்றி மாட்டுவது போல.

ஒரு கையால் கயிறு கட்ட முடியாது. மாசிலாமணிதான் கட்டிவிடுவார்.

"இது சரியில்ல அண்ணாச்சி."

"இறுக்கிக் கட்டும்வே."

"எலும்பு எப்படிச் சேரும்? ராத்திரி சேருது, காலையில நீங்க பிரிக்கீங்க."

"உமக்கு என்ன தெரியும்? இறுக்கும்."

"சாமிகிட்ட சொல்லவா?"

"சொன்னா அன்னைக்கோட உமக்கு இங்க சோறு கிடையாது."

மாசிலாமணி இறுக்கினார். சொல்லவில்லை.

அந்த அமாவாசைக் கூட்டம் சாப்பிட்டுப் போனது. சாம்பார் பிரமாதம் என்றார்கள். சாமியும் சாப்பிட்டார்.

வைத்தியர் வந்து கட்டை எடுத்தார். கீறலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தடவிப் பார்த்தார். சாமியைப் பார்க்க வேண்டும் என்றார். நேரமாகிவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று அண்ணாச்சி அவரை மடத்திலேயே தங்க வைத்தார்.

காலையில் அண்ணாச்சி சாமி காலில் விழுந்து எழுந்தார். திருநீறு வாங்கக் கை நீட்டினார்.

உள்ளங்கை மேலே திரும்பவில்லை.

பாதி திரும்பி நின்றது. தோளைச் சாய்த்தார். உடம்பையே சாய்த்துப் பார்த்தார். திருநீறு விரலிடுக்கு வழியாகத் தரையில் கொட்டியது.

சாமி தரையைப் பார்த்தார்.

"எப்ப இருந்து அண்ணாச்சி?"

அண்ணாச்சி சொன்னார். நிலைப்படி, கீறல், கயிறு, எல்லாம் சொன்னார். பின்னால் நின்ற மாசிலாமணி தலை குனிந்துகொண்டார்.

வைத்தியர் முன்னால் வந்தார்.

"சாமி, இதை மறுபடி உடைக்கணும். இப்போ பிஞ்சா இருக்கு. உடைச்சு நேரா வெச்சுக் கட்டுனா சேரும். விட்டா முத்திரும். அப்புறம் இந்தக் கை இப்படித்தான். சோத்தை அள்ளி வாயில போட முடியாது. முகம் கழுவ முடியாது."

"குருபூஜை முடியட்டும்" என்றார் அண்ணாச்சி.

"அதுக்குள்ள முத்திரும்."

"குருபூஜைக்கு எத்தனை ஜனம் வரும்னு உமக்குத் தெரியுமா?"

"எனக்கு எலும்புதான் தெரியும்."

அண்ணாச்சி சாமி பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்க சொல்லுங்க. கை பெருசா, வர்றவன் வயிறு பெருசா?"

சாமி பலகையில் உட்கார்ந்தார். தன் இடது கையை வைத்தியர் முன்னால் நீட்டினார்.

"கட்டும்."

"இந்தக் கைக்கு ஒண்ணும் இல்லையே சாமி."

"கட்டும்."

வைத்தியர் முட்டையை உடைத்தார். மாவைக் குழைத்தார். தப்பை வைத்துக் கட்டினார். சாமி எழுந்தார். நேரே மடைப்பள்ளிக்கு நடந்தார். நிலைப்படியைத் தாண்டினார். கட்டுப் போட்ட கையால் அடுப்பைத் தொட்டார். அண்டாவைத் தொட்டார். உப்பு மரவையைத் தொட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சாமி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"முட்டை உள்ள போயாச்சு அண்ணாச்சி. இனி நீங்க கட்டைக் கழத்த வேண்டாம்."

"சாமி..."

"வாசல்ல உக்காருங்க. கரண்டி மாசிலாமணிகிட்ட இருக்கட்டும்."

அன்றைக்கே உடைத்தார்கள். அண்ணாச்சி துண்டைக் கடித்துக்கொண்டார். தோளைப் பிடித்துக்கொண்டது மாசிலாமணி. சத்தம் கேட்டபோது கண்ணை மூடியதும் அவர்தான். அண்ணாச்சி மூடவில்லை.

மாசிலாமணி சமைத்தார். மோசமாகத்தான் சமைத்தார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சோறு குழைந்தது. ரசம் தண்ணீராக இருந்தது. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. மறுநாள் உப்பே இல்லை.

மடைப்பள்ளி வாசலில் பலகை போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கை கழுத்தில் தொங்கியது. வாய் சும்மா இருக்கவில்லை.

"இது சாம்பாராவே, கடல் தண்ணியா?"

"உப்பு கடல்ல இருந்துதானே வருது அண்ணாச்சி."

"நேத்து அந்தக் கடல் எங்க போச்சு?"

"வத்திப் போச்சு."

சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டார்கள். ஒரு லாரி டிரைவர் மோர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். அவ்வளவுதான். யாரும் இலையை மூடிவிட்டு எழுந்து போகவில்லை. அண்ணாச்சி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது உப்பைவிட அதிகமாக அவருக்குக் கரித்தது.

சாமி தன் கட்டை அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் பந்தியில் உட்கார்ந்தார். போட்டதைச் சாப்பிட்டார்.

பலகையில் இருப்பது அண்ணாச்சிக்கு நரகம். பருப்பு பொங்கினால் உடம்பு தானாக எழுந்துவிடும். இடது கையால் ஒரு தடவை கிண்டிவிட்டால் என்ன என்று நிலைப்படி வரை வந்துவிடுவார். மாசிலாமணி குறுக்கே நிற்பார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"அடி பிடிக்குதுவே!"

"பிடிக்கட்டும்."

"ஓரமா நில்லும்!"

"மாட்டேன். உக்காருங்க."

இரண்டு கையும் நீட்டி வாசலை அடைத்துக்கொள்வார். கரண்டியில் இருந்து சாம்பார் சொட்டும். உள்ளே அடி பிடிக்கும். அண்ணாச்சி திட்டிக்கொண்டே போய் உட்காருவார். அதன் பிறகுதான் மாசிலாமணி அடுப்புக்குத் திரும்புவார்.

குருபூஜை வந்தது. கூட்டம் வாசல் தாண்டி நின்றது. பெரிய உருளியில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. பால் திரண்டு வரும் நேரம், கை எடுக்கக் கூடாது. வாசனையிலேயே அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தார். கையைத் தாங்கிய தூளியைத் தலைவழியாகக் கழற்றிப் போட்டார். கட்டுப் போட்ட கையாலேயே வாசலில் சாத்தியிருந்த ஒரு துடுப்பை எடுத்தார்.

மாசிலாமணி பார்த்தார். உருளியையும் பார்த்தார். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அண்ணாச்சி கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினார். இரண்டு தோளையும் பிடித்துப் பலகையில் உட்கார வைத்தார். எழ விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பாயசம் கருகியது. வாடை பந்தி வரை போனது.

அண்ணாச்சி அத்தனை ஜனத்துக்கு முன்னால் கத்தினார்.

"அன்னத்தைக் கெடுக்கவே பிறந்தவன்! காய்வெட்டிக்குக் கரண்டி கொடுத்தா இப்படித்தான்! வெட்கம் இருக்காவே உமக்கு?"

பந்தியில் சிலர் சிரித்தார்கள். மாசிலாமணி முகம் சுருங்கியது. உள்ளே போனார். கருகாத பாயசத்தை மேலாக அள்ளினார். தானே தூக்கிக்கொண்டு வந்து இலை இலையாகப் பரிமாறினார். சிரித்தவர்களுக்கும் போட்டார்.

சாமி இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு வைத்தியர் வந்தார். கட்டை எடுத்தார். அதில் ஒரு கீறல் இல்லை. கையைத் தடவினார். அவர் முகம் தெளிந்தது.

"திருப்புங்க."

அண்ணாச்சி திருப்பினார். உள்ளங்கை முழுக்க மேலே வந்தது.

மறுநாள் சாமி தன் கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். மடைப்பள்ளியைக் கழுவினார்கள். அண்ணாச்சி குளித்துவிட்டு உள்ளே போனார். ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து முகர்ந்து பார்த்தார். உருளியின் அடியில் கருகல் இன்னும் போகவில்லை. அதை மாசிலாமணி முன்னால் போட்டார்.

"போரும்வே. இனி உள்ள காலை வைக்காதேயும்."

மாசிலாமணி உருளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். மணல் போட்டுத் தேய்த்தார். பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டினார்.

காலையில் காய் வெட்டியிருக்கவில்லை. முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

"போகட்டும். காய் வெட்ட ஆளா கிடையாது?" என்றார் அண்ணாச்சி.

ஆள் கிடைத்தது. சாம்பார் பழையபடி ஆனது. பிரமாதம் என்றார்கள். யாரும் கூடுதல் மோர் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அண்ணாச்சி வழக்கம்போல் கை நீட்டித் திருநீறு வாங்கினார். ஒரு துகள் சிந்தவில்லை. பூசிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"சாமி, ஒரு நல்ல வேட்டி எடுக்கணும்."

"யாருக்கு?"

"வைத்தியருக்குத்தான். கையைச் சேர்த்து வெச்சவருல்லா."

"அவர் ரெண்டு தடவை கட்டினாரு அண்ணாச்சி."

"ஆமா."

"அதே மாவு. அதே முட்டை. அதே தப்பை."

"ஆமா சாமி."

"முதல் தடவை ஏன் சேரலே?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"நான் அவுத்தேன். அதான் நீங்க கட்டுப் போட்டுக்கிட்டு உள்ள வந்தீங்களே. உங்களாலதான் சாமி..."

"நான் கட்டுப் போட்டேன். பந்தியில உக்காந்தேன். சாப்பிட்டேன். வேற என்ன செஞ்சேன்?"

அண்ணாச்சி விரலில் ஒட்டியிருந்த திருநீற்றைத் தேய்த்தார்.

"அன்னைக்குத் துடுப்பை எடுத்தீங்களே. பாயசத்தை ஒரு கிண்டு கிண்டியிருந்தா கை என்ன ஆயிருக்கும்?"

"திரும்பப் போயிருக்கும்."

"போகலியே."

மடைப்பள்ளியில் புது ஆள் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி தன் கையைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"நீங்க தடுத்திருக்கலாமே சாமி. போகாதேன்னு ஒரு வார்த்தை."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள பஸ் போயிட்டுது."

சாமி குரலில் கோபம் இல்லை. அண்ணாச்சிக்கு அதுதான் தாங்கவில்லை.

"வேட்டி அவனுக்கு... அந்தக் காய்..." பாதியில் நிறுத்தினார். "அந்த ஆளுக்கு அனுப்பணும் சாமி."

"எந்த ஆளுக்கு?" என்றார் சாமி. "பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சாமி காத்திருந்தார். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. சாமி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"மாசிலாமணி" என்றார் அண்ணாச்சி.