திருமேனியின் இரண்டு அண்டாக் குழம்பு

கேளுங்கள், பெரியவர்களே, சின்னவர்களே! அரசர்கள் போருக்குப் போவதைவிடப் பந்திக்குப் போவதில் அதிக அக்கறை காட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மங்கலபுரியில் திருமேனி என்றொரு சமையல்காரன் வாழ்ந்தான்.

அவனுக்கு ஒரே ஒரு கொள்கைதான். தன் வீட்டு இலையில் போடக் கூசுவதை அடுத்தவர் இலையில் போடமாட்டான். அதற்கு அவனுக்குத் துணை அவனுடைய மூக்கு. புளியின் பச்சை வாசனை போய்விட்டதா, வெந்தயம் சிவந்துவிட்டதா என்பதையெல்லாம் மூக்கே சொல்லிவிடும்.

ஒருநாள் அரண்மனையில் தலைமைச் சமையல்காரர் வேலை காலியானது. அரசர் திருமேனிக்கு ஆள் அனுப்பினார். ஓர் அண்டா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்க வேண்டும். பிடித்துவிட்டால் வேலை அவனுக்கு. பிடிக்காவிட்டால், அரண்மனை வழக்கப்படி, சமைத்தவனே சபை நடுவில் உட்கார்ந்து அண்டா முழுவதையும் தின்று தீர்க்க வேண்டும். முந்தைய சமையல்காரர் அப்படித்தான் வேலையைவிட்டுப் போனார். பாவம், இப்போது கஞ்சியைத் தவிர வேறெதையும் ஏறிட்டும் பார்ப்பதில்லையாம்.

திருமேனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய இடத்துக்கு நம்முடைய சின்னக் கொள்கை போதுமா? ஊரில் பேரும் புகழுமாக வாழ்கிறவர்களிடம் யோசனை கேட்கப் போனான்.

"கேட்டதுக்கு மேல ஒரு பிடி அள்ளிப் போடு. நான் அப்படித்தான் முன்னுக்கு வந்தேன்" என்றார் வணிகர்.

"கை ஓயவே கூடாது. நான் அப்படித்தான் முன்னுக்கு வந்தேன்" என்றார் மல்லர்.

"கடைசி வரைக்கும் எதையும் மூடியே வை. நான் அப்படித்தான் முன்னுக்கு வந்தேன்" என்று மெல்லச் சொன்னார் மந்திரி.

புறப்படும்போது மனைவி வடிவு சொன்னாள்: "யார் பேச்சையாவது கேட்டுத் தொலைங்க. ஆனா மூக்கை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."

அவன் அதைத்தான் மறந்தான். வணிகர் சொன்னபடி உப்பில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டான். மல்லர் சொன்னபடி ஓயாமல் கிண்டினான், கத்தரிக்காய் கூழாகிவிட்டது. மந்திரி சொன்னபடி இறுக மூடி வைத்தான். அடிப்பிடித்த வாசனை மூக்குக்கு எட்டவே இல்லை.

பந்தியில் அரசர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். திருமேனி மூடியைத் திறந்தான். கருகிய நெடி மூக்கில் அறைந்தது. கரண்டியைத் தூக்கினான், கை இலைக்குப் போக மறுத்தது.

"மகாராஜா, இதை என் வீட்டு இலையிலயே போட மாட்டேன். உங்க இலையில எப்படிப் போடுவேன்? இந்த அண்டாவை நானே தின்னுடறேன். ஆனா நீங்க பசியோட எழுந்திரிக்கக் கூடாது. இன்னொரு தடவை வைக்க உத்தரவு குடுங்க."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. அவர் வாழ்நாளில், சமைத்தவனே குறை சொல்லிக் கேட்டதில்லை. சரியென்று தலையாட்டினார்.

இந்த முறை திருமேனி மூக்கை நம்பினான். குழம்பு மணத்தது. அரசர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, இலையையும் வழித்தார்.

"இன்னிலேருந்து நீதான் தலைமைச் சமையல்காரன்!"

அரசரோடு பந்தியில் இருந்த மூன்று பெரியவர்களும் முண்டியடித்துக்கொண்டு எழுந்தார்கள். "ஒரு பிடி அள்ளிப் போடச் சொன்னது நான்!" "கை ஓயாதேன்னு சொன்னது நான்!" "மூடி வைக்கச் சொன்னது அடியேன், மகாராஜா!"

அரசர் திருமேனியைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமா மகாராஜா. மூணையும் அப்படியே செஞ்சேன்" என்றான் திருமேனி. "முதல் அண்டாவுல."

அரசர் கைதட்டி, அந்த மூவருக்கும் திருமேனிக்குமாக நான்கு இலை போடச் சொன்னார். வழக்கம் வழக்கம்தானே! நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்து அந்தக் குழம்பைத் தின்று தீர்த்தார்கள். முதலில் தண்ணீர் கேட்டவர் மந்திரிதான்.

ஆகவே மக்களே, அடுத்தவரை உயர்த்திய கொள்கைகளைக் காதால் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் நம் வேலையையும் வாழ்வையும் உயர்த்துவது நம் மனம் ஒப்பி நாம் விடாமல் பிடித்திருக்கும் சொந்தக் கொள்கைதான்.