ஓரக்கோட்டில் முப்பத்தெட்டு நிமிடம்

மாசிலாமணி மாஸ்டரின் பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு அணியாகப் பிரிந்து கால்பந்து ஆடுவார்கள். இந்த வருட ஆட்டத்துக்கு அவர்களில் ஒருவரான ஜெரால்டு தாமதமாக வந்தார். அவர் இப்போது ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர். சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"என்னல முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார், ஓரக்கோட்டில் நின்று ஓர் அணியை நடத்திக்கொண்டிருந்த மாஸ்டர்.

"இந்த வருஷம் அஞ்சு பேர், மாஸ்டர். படிப்பு முடியுமுன்னே அணியை விட்டுட்டு வேற கல்லூரிக்குப் போறானுவ. நேத்து இசக்கியும் கடிதம் நீட்டுறான். நான் கையெழுத்துப் போட்டாத்தான் அங்க ஆட முடியும். நாளைக்குக் கடைசி நாள்."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"கிழிக்கப் போறேன். ரெண்டே வரி எழுதியிருக்கான். மன்னிப்புகூடக் கேக்கல. ஏன் மாஸ்டர் ஓடுறானுவ? பொறுமையே கிடையாதா?"

மாஸ்டர் மைதானத்தைப் பார்த்தார்.

"பூட்ஸ் போடு. வார்ம் அப் பண்ணு. இறக்குறேன்."

ஜெரால்டு ஓரக்கோட்டை ஒட்டி ஓடினார். முழங்காலை மார்புவரை தூக்கினார்.

உள்ளே முன்கள ஆட்டக்காரர் ஒருவர் சோர்ந்து நின்றார். மாஸ்டர் ஜெரால்டைக் கைகாட்டினார். "வேகமா ஓடு, ஜெரால்டு." சோர்ந்தவர் அதைப் பார்த்துவிட்டுப் பந்தைத் துரத்தினார். மாஸ்டர் கையை இறக்கிக்கொண்டார்; ஆளை மாற்றவில்லை.

இப்படி நான்கு முறை நடந்தது.

"அண்ணே, மெதுவா. கோடு அழிஞ்சிரும்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள்.

ஜெரால்டு நின்றார். பூட்ஸைக் கழற்றினார்.

"எங்கல போற?"

"வீட்டுக்கு."

"ஆட்டம் முடியலையே."

"முடியட்டும். என்னை இறக்குற எண்ணமே உங்களுக்கு இல்ல. உள்ள நிக்கிறவனை மிரட்ட என்னைக் காட்டுறீங்க. அதுக்கு வேற ஆளைப் பாருங்க, மாஸ்டர்."

மாஸ்டர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு நிமிஷம் ஓடியிருக்க."

ஜெரால்டு பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கடிதத்தை வாசி."

ஜெரால்டு தாளைப் பிரித்தார். வாசித்தார்.

"'பதினேழு ஆட்டங்களில் வார்ம் அப் செய்தேன், ஒன்றில்கூட இறக்கப்படவில்லை. போகிறேன் என்று தெரிவிக்கிறேன், அனுமதி கேட்கவில்லை.'"

"எண்ணிக்கை சரியா?"

"சரிதான்."

"பொறுமை இல்லன்னு சொன்னது யாரை?"

ஜெரால்டு தாளை மடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

மாஸ்டர் தன் பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நீ ஒரு ஆட்டத்துல பாதிகூடத் தாங்கல. இந்தா, பிடி."