கருங்கோட்டையை எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் நீலாவதியின் பெயரைத் திரையிலிருந்து எடுத்தார்கள். பிறகு அவள் எழுதிய அறையைப் பூட்டினார்கள். அதன் பிறகு வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கடைசியாக, அவள் ஆஸ்பத்திரியில் செத்தபோது ஒரு மாலைகூட அனுப்பவில்லை. 'கருங்கோட்டை' என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் படத்தின் மூன்று பாகங்களுக்கும் தமிழ் வசனம் எழுதியவள் அவள். திரையில் ஓடியது டப்பிங் முதலாளி குபேந்திரனின் பெயர். திருடனுக்கு மேடையும் உண்டு.

அந்த மேடையில் ரசிகர் கூட்டம் நடந்தது. வெளிவந்த வரிசையில் பார்ப்பதா, கதை நடந்த வரிசையிலா என்று அரங்கம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. கும்பல் காட்சிகளுக்குக் குரல் கொடுக்கும் அஞ்சுகத்தைக் குபேந்திரன் மேடைக்கு இழுத்தார்.

"கும்பல்ல கத்துறவதானே நீ? இந்த ரெண்டு கும்பலும் ஒத்துக்கிற வரிசையைச் சொல்லு. இல்லேன்னா ஸ்டுடியோ பக்கம் வராதே."

"எழுதினவர் சொன்னா ஒத்துக்குவாங்க ஐயா. மூணாம் பாகத்துல அழுற குழந்தை யாரு?"

"அதுவா... அரக்கன் செத்த பிறகு பிறந்தது."

அரங்கம் சிரித்தது. அந்தக் குழந்தைதான் முதல் இரண்டு பாகங்களின் வில்லனான அரக்கன். கடைசியாக வெளிவந்த மூன்றாம் பாகம் அவனுடைய பழைய கதை.

"எழுதினவ வேற மாதிரி சொல்வா," என்றாள் அஞ்சுகம். "அரக்கனை முழுசா வெறுத்துட்டு வாங்க. அப்புறம் அவன் குழந்தையா அழுறதைக் கேளுங்க."

வெளிவந்த வரிசையே சரி என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன.

"எழுதினவங்க யாரு, அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அஞ்சுகம் திரையில் பெயர்களை ஓடவிடச் சொல்லி, மைக்கில் ஒவ்வொன்றாக வாசித்தாள். குபேந்திரனின் பெயர் வந்தபோது, அரங்கமே சாட்சியாக, அதே குரலில் வாசித்தாள்:

"தமிழ் வசனம், நீலாவதி."