மூன்றாம் லைனின் விளக்கு

கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெசிந்தாதான் டெலிபோனுக்கு எல்லாம். வயது இருபத்தொன்பது, வயிற்றில் எட்டு மாதம். அவள் பிரசவத்துக்குப் போனால் அந்த மேஜையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வந்த சிஷ்யனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் சுயம்புலிங்கம். முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி முட்டி தேய்ந்தவர்.

திங்கட்கிழமை காலை சிஷ்யன் கேட்டார்.

"டீச்சரம்மா, இத்தனை பட்டன் இருக்கே. இதுல ரொம்ப முக்கியமானது எது?"

ஜெசிந்தா ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாலு லைன், நாலு விளக்கு. நின்னு எரிஞ்சா யாரோ பேசுதாங்க. ஹோல்டை அமுக்குனா மின்னும், யாரோ காத்திருக்காங்கன்னு அர்த்தம். வேற ரூமுக்குக் குடுக்கணும்னா ட்ரான்ஸ்ஃபர் அமுக்குங்க, ரூம் நம்பரைப் போடுங்க, அந்தப் பக்கம் எடுத்த பிறகு யாரு லைன்ல இருக்காங்கன்னு சொல்லிட்டு வைங்க. அவ்வளவுதான் அண்ணாச்சி."

முதல் அழைப்பிலேயே, அந்தப் பக்கம் எடுப்பதற்கு முன் சுயம்புலிங்கம் வைத்துவிட்டார். லைன் அறுந்தது. அதில் இருந்தவர் ஆஸ்பத்திரி முதலாளியின் மாமனார்.

மேனேஜர் வந்தார். அவர் கத்த மாட்டார், மெதுவாகப் பேசுவார். பயமே அதுதான்.

"இன்னொரு லைன் அறுந்துதுன்னா, சனிக்கிழமையோட வீட்ல இருந்துக்கிடுங்க."

அதன்பின் ட்ரான்ஸ்ஃபர் பட்டன் பக்கம் விரல் போனாலே அவருக்கு வியர்த்தது. சைரன் போட்டு ஊரையே விலக்கியவர். இப்போது டெலிபோன் மணி அடித்தால் அவர் விலகிப் பின்னால் சாய்ந்தார்.

செவ்வாயும் புதனும் ஜெசிந்தா செக்கப்புக்காக லீவு. அந்த இரண்டு நாளில் சிஷ்யன் ஒரு வழி கண்டுபிடித்தார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி முழுவதையும் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தவர் அவர். கூட்டித் துடைக்கும் ஆள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோரும் அவர் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். ஆகவே, "எக்ஸ்ரே ரூமுக்குக் குடுங்க" என்று யாராவது கேட்டால், "லைன்ல இருங்க" என்று ஹோல்டை அமுக்குவார். மூன்று எண்ணுவார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே லைனை எடுப்பார்.

"எக்ஸ்ரே மரியதாஸ். செயினைக் கழத்திட்டு வரணும், பழைய படம் இருந்தா கொண்டாரணும். வைக்கட்டா?"

மருந்துக் கடை வேண்டுமா? மூச்சு விடாத கீச்சுக் குரல். "அந்த மாத்திரை இல்லக்கா அதே மாத்திரை வேற கம்பெனி இருக்குக்கா சாயந்திரமா வாங்கக்கா!" கேன்டீனா? கரகரப்பாக ஒரே வார்த்தை. "தீந்துட்டு."

ஒரு லைன்கூட அறுபடவில்லை. "பரவால்லையே" என்று மேனேஜர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சுயம்புலிங்கத்துக்கு அந்தப் பாராட்டுக்கும் வியர்த்தது.

வியாழக்கிழமை ஜெசிந்தா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நாலு லைன் விளக்குக்குக் கீழே, ஒவ்வொரு ரூமுக்கும் உள்ள சின்ன விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை.

"எக்ஸ்ரே ரூம் இன்னைக்குப் பூட்டியிருக்கா அண்ணாச்சி?"

"இல்லையே. மரியதாஸ் இப்பக்கூடப் பேசினாருல்லா?"

"ம். கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் லைன் அடித்தது.

"அருளப்பன் டாக்டர் இருக்காரா? ஏழாம் நம்பர் பெட்டு அம்மாவோட மக பேசுதேன். திருப்பூர்ல இருந்து."

டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவள் கண் முன்னால் அறுந்துபோனால்? விரல் தானாக ஹோல்டுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. டாக்டரின் குரல் அவருக்குச் சுலபம். முதலில் ஓர் இருமல். அப்புறம் நிதானம்.

"சொல்லும்மா."

"கும்பிடுதேன் டாக்டர். அம்மாவுக்கு மூச்சு முட்டுதுன்னு அண்ணன் சொன்னான். அவன் எதையுமே முழுசாச் சொல்ல மாட்டான். கம்பெனில லீவு கேட்டா ஞாயித்துக்கிழமை போங்காரு சூப்பர்வைசர். நீங்க சொல்லுங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை வந்தாப் போதுமா, இன்னைக்கே கிளம்பணுமா?"

சுயம்புலிங்கத்தின் வாயில் பதில் தயாராக இருந்தது. 'பயப்படாதீங்கம்மா, பார்த்துக்கலாம்.' டாக்டர் எல்லோருக்கும் சொல்வது. டீக்கடையில் அதிகமாகச் சிரிப்பு வாங்கியதும் அதுதான். இருமல்கூட வந்துவிட்டது. வார்த்தை வரவில்லை.

ஹோல்டை அமுக்கினார். மூன்றாம் விளக்கு மின்ன ஆரம்பித்தது.

"டீச்சரம்மா, என்ன சொல்ல?"

"அந்தப் பிள்ளை யாரைக் கேட்டுச்சு?"

"டாக்டரை."

"அப்ப டாக்டர்ட்ட குடுங்க."

"லைன் அறுந்துட்டுன்னா?"

"அறுந்தா அந்தப் பிள்ளை திரும்பக் கூப்பிடும். நீங்களே டாக்டரா பதில் சொல்லிட்டா, கூப்பிடாது."

விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அவர் லைனை எடுத்தார். சொந்தக் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"அம்மா, நான் டாக்டர் இல்ல. டெலிபோன்ல உக்காந்திருக்கவன். இப்பம் டாக்டர் மாதிரிப் பேசினதும் நான்தான். அவர்ட்ட குடுக்கேன். அறுந்துட்டா உடனே திரும்பக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம்.

"நீங்க யாரா வேணா இருங்க. சீக்கிரம் குடுங்கய்யா."

ட்ரான்ஸ்ஃபர். ரூம் நம்பர் இரண்டு, நான்கு. டாக்டர் அறையில் மணி அடித்தது. ரிசீவரை வைத்துவிடத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். மூன்றாவது மணி. நான்காவது. ஆறாவது மணியில் இருமல் கேட்டது. அவர் செய்து காட்டுவதைவிட ரொம்பக் களைத்த இருமல்.

"ஏழாம் பெட்டு அம்மாவோட மக, டாக்டர். மூணாம் லைன்ல இருக்காங்க."

வைத்தார். மூன்றாம் விளக்கு மின்னுவதை விட்டு நின்று எரிந்தது.

கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். ஒரு நிமிஷம் போனது. பிறகு கை மெல்ல ரிசீவர் மேல் போனது.

"டீச்சரம்மா, இதை எடுத்தா அவங்க பேசுதது நமக்குக் கேக்கும்லா?"

"கேக்கும்."

"கிளம்பி வரச் சொல்லுதாரா, இல்ல ஞாயித்துக்கிழமைங்காரான்னு மட்டும்..."

ஜெசிந்தா அவர் கையைத் தடுக்கவில்லை.

"விளக்கு எரியுதா அண்ணாச்சி?"

"எரியுது."

"நமக்கு அவ்வளவுதான்."