வெள்ளைப் பேனாவுல ரெண்டு கறுப்பு வளையம்

ஒரு பேனா, மூணு மரம், நாலு பேரு. கதை இவ்வளவுதான். ஆனா கடைசில ஒரு கேள்வி கேப்பேன், அதுக்கு பதில் சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும்! நடுவுல எதையும் தாண்டிப் போயிராதீங்க.

பாளையங்கோட்டையில பியூலான்னு ஒருத்தி, அவ அண்ணன் செல்வின். ரெண்டு பேருக்கும் தொழில் மரப்பேனா. அதுவும் ஒரே மரத்துல சும்மா கடையுற பேனா இல்ல. வேற வேற நிற மரத்தைச் சாய்வா வில்லை வில்லையா அறுத்து, மாத்தி மாத்தி ஒட்டி, கிளாம்ப்புல இறுக்கி ஒரு நாள் காயவிட்டு, ஒரே கட்டையா ஆக்கி, அப்புறம்தான் மெஷின்ல கடைவாங்க. ஒட்டுன இடத்தை நகத்தால வருடினாக்கூட தெரியாது, அவ்வளவு சுத்தம்! மரம் அறுக்குறதும் கடைசில பாலிஷ் போடுறதும் பியூலா. ஒட்டுறதும் கடையுறதும் செல்வின்.

ஒரு திங்கக்கிழமை கோமதின்னு ஒரு அம்மா வந்தாங்க. பள்ளிக்கூடத்துல கிளார்க். துணிப்பையில இருந்து ஒரு கிரிக்கெட் பேட்டை எடுத்து மேஜையில வச்சாங்க.

"என் மகன் சபரீஷோடது. போன ஐப்பசியில பைக்குல போய் மரத்துல மோதி இறந்துட்டான். இருபத்தோரு வயசு. இதுல ஒரு பேனா செஞ்சு குடும்மா. நாள் பூரா எழுதுற கை இது. இனிமே அவனைப் பிடிச்சு எழுதுறேன்."

பேட்டு மரம் வெளுப்பா, மெத்துனு இருக்கும். தனியா கடைஞ்சா சோகை பிடிச்ச மாதிரி தெரியும், நடுவுல ரெண்டு வில்லை கறுப்பா வேணும்னு பியூலா சொன்னா.

"ஈட்டி மரமோ எதுவோ, உனக்குத் தோணுறதைப் போடும்மா"ன்னுட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் அவங்க வீட்டுக்காரர் பிரமநாயகம் வந்தார். மஞ்சப்பையில சுத்துன ஒரு முழ நீளக் கட்டை. உள்ள வராம வாசல்லயே நின்னார்.

"நடுவுல இதைப் போடும்மா."

"என்ன மரம் சார்?"

"புளி. நல்லா வைரம் பாஞ்சது." கட்டையை அவகிட்ட நீட்டினார். "அவன் மோதுன மரம். ரோட்டை அகலப்படுத்தணும்னு வெட்டுனாங்க. நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

பியூலா கையை நீட்டல.

"மோதுன உடனே உசுரு போகலைன்னு டாக்டர் சொன்னார். நல்ல மழை, ரோட்டுல ஈ காக்கா இல்ல. ஒரு மணி நேரம் இதுலதான் சாஞ்சு கெடந்திருக்கான். அப்ப அவனைத் தாங்குனது நானும் இல்ல, அவன் அம்மாவும் இல்ல. இதுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியவே கூடாது. எங்க வீட்ல இப்ப புளியே வாங்குறதில்ல, குழம்புக்கும் தக்காளிதான். பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவா."

கட்டையை வாசப்படியில வச்சுட்டு நகராம நின்னார். பியூலா சரின்னுட்டா. ரெண்டு வில்லை அறுத்து, பேட்டு வில்லையோட சேத்து நூல்ல கட்டி, அண்ணன் மேஜையில வச்சு விசயத்தைச் சொன்னா.

செல்வின் எகிறிட்டான். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? மகனைக் கொன்னதையே அந்தம்மா கையில குடுக்கப் போறியா?"

"அவரும் பெத்தவர்தானண்ணே."

"வாக்கு குடுத்தது நீ, பசை தடவுறது நானா?"ன்னு முறைச்சான். ஆனா ஒட்டுனான். மறுநாள் கடைஞ்சும் குடுத்தான். பியூலா பாலிஷ் ஏத்தினா. அவ்வளவு சின்ன வில்லையில, பாலிஷும் ஏறிட்டா, புளி வைரமும் ஈட்டியும் கண்ணுக்கு ஒண்ணுதான். வெள்ளைக்கு நடுவுல ரெண்டு கறுப்பு வளையம் பளபளன்னு நின்னுச்சு.

சனிக்கிழமை புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்தாங்க. கோமதியம்மா பேனாவைப் பிடிச்சதும் கட்டை விரலு நேரா கறுப்புலதான் போய் உக்காந்துச்சு.

"வழுவழுன்னு இருக்கே. இது என்ன மரம்மா?"

பிரமநாயகம் தரையைப் பாத்தார். பியூலா அவரை ஒரு தடவை பாத்துட்டுச் சொன்னா.

"ஈட்டிம்மா."

அவர் மெதுவா தலை நிமிந்தார். கண்ணாலயே கும்பிட்டார். அப்புறம், "நான் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கட்டா?"ன்னு வாங்கி, அந்த ரெண்டு வளையத்தையும் கைக்குள்ள பொத்திக்கிட்டு அப்படியே நின்னார். எவ்வளவு நேரம்!

"ஒடிச்சிராதீங்க"ன்னு கோமதியம்மா திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

அவங்க தெரு தாண்டினதும் பியூலா பொத்துனு ஸ்டூல்ல உக்காந்தா. "பெரிய பொய் சொல்லிட்டேண்ணே."

செல்வின் டிராயரைத் திறந்து ரெண்டு வில்லையை எடுத்து அவ முன்னால போட்டான். புளி.

"பொய் இல்லட்டி. நான் ஒட்டுனது ஈட்டிதான்."

"அப்ப அந்த மனுசன்..."

"அவருக்குத் தெரியவா போகுது?"

இப்பச் சொல்லுங்க. பிரமநாயகம் பொண்டாட்டிகிட்ட மறைச்சார். பியூலா பொய்னு நினைச்சு உண்மையைச் சொன்னா. செல்வின் வாயே திறக்காம அந்தம்மாவைக் காப்பாத்துனான், அந்த மனுசனை ஏமாத்துனான். இதுல யாரு செஞ்சது சரி?

விடை: மூணு பேருமே இல்ல. பேச்சே பிடிக்காத மரத்தைப் பொண்டாட்டி கையில அவளுக்குத் தெரியாமலே குடுக்கப் பாத்தார் பிரமநாயகம். செல்வின் பக்கம் சாயத் தோணும், எனக்கும் தோணுச்சு! ஆனா "மாட்டேன் சார்"னு சொல்ல அவனுக்கு ஒரு போன் போதுமே. பியூலாவுக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது, அவ்வளவுதான், அது சரின்னு ஆகாது. பிரமநாயகம் கொண்டு வந்தது ஒரு முழக் கட்டை. பத்து பேனா வரும். ஒட்டி ஒட்டியே பழகுன ரெண்டு பேரும் அந்த ரெண்டு துக்கத்தையும் ஒரே கட்டையிலதான் யோசிச்சாங்க. "இது உங்களுக்குத் தனியா சார்"னு பியூலா அன்னைக்கே வாசல்ல சொல்லியிருந்தா அந்தம்மா கை அதைத் தொட்டிருக்காது, அவருக்கும் அது கிடைச்சிருக்கும். இப்பவும் செஞ்சு குடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி, அன்னைக்கு நீங்க பொத்திப் பிடிச்சது வெறும் ஈட்டி சார்னு அவர் முகத்தைப் பாத்துச் சொல்லணும். அவருக்கு மகன் இன்னொரு தடவை சாவான். அப்படியும் சொல்லித்தான் ஆகணும்.